சூடு ஆறுவதற்குள்

மும்பை–புனே மலைப்பாதையில் நின்றுபோகும் வண்டிகளின் நோய் விசித்திரமானது. மெக்கானிக்கைப் பார்த்ததும் குணமாகிவிடும்.

1990களில் ஏதாவது ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. கோபோலி ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலை திடீரென்று தலையைத் தூக்குகிறது. முதல் சில வளைவுகளிலேயே கரும்பாறைச் சுவரை ஒட்டி வரிசையாகக் கார்கள், எல்லாமே பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு. பெரும்பாலும் பிரீமியர் பத்மினி, இடையிடையே அம்பாஸடர். பாறை நிழலில் குழந்தைகள் வடா பாவ் தின்கிறார்கள். அப்பா ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்து எஞ்சினின் மீது அங்கும் இங்குமாகப் போடுகிறார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முக்கால் மணி கழித்து அப்பா சாவியைத் திருப்ப, எதுவுமே நடக்காதது போல வண்டி உறுமிக்கொண்டு கிளம்புகிறது.

கதை அங்கே முடிவதில்லை. மறுநாள் காலை வண்டி புனேயில் ஒரு பட்டறைக்குப் போகிறது. மெக்கானிக் சாவியைத் திருப்புகிறார். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. "ஒன்றும் இல்லையே, சேட்" என்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று காயிலை மாற்றுகிறார். அடுத்த பயணத்தில் அதே வளைவில் வண்டி மறுபடி நிற்கிறது. பிறகு பெட்ரோல் பம்ப், அதற்குப் பிறகு கார்புரேட்டர். பணம் போகிறது, நோய் போவதில்லை.

ஓடி ஓடிச் சூடான பிறகு நின்றுபோவது, ஆறும்வரை மறுபடி கிளம்ப மறுப்பது: மோட்டார் வண்டியின் கோளாறுகளிலேயே அதிகம் ஏமாற்றுவது இதுதான். கோளாறு இருக்கும்போது மெக்கானிக் இல்லை. மெக்கானிக் இருக்கும்போது கோளாறு இல்லை. இந்தியாவில் இந்த நோயைப் பார்த்தே கைதேர்ந்த சாலைகள் சில உண்டு. அவற்றில் மூத்தது இந்த போர் காட்.

தனியாக ஏறும் வண்டி

தமிழ்க் காதுக்கு யுத்தம் போல ஒலிக்கும் இந்தப் பெயர், கொங்கணக் கரையையும் தக்காண பீடபூமியையும் இணைக்கும் கணவாயின் பெயர். அடிவாரத்தில் இருக்கும் கோபோலி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. மேலே லோனாவாலா சுமார் 620 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டான கரும்பாறை. மழைக்காலத்தில் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் அருவி விழும். மே மாதத்தில் அதே பாறை தோசைக்கல்.

வண்டிகள் போகும் சாலை இங்கே 1830-ல் திறக்கப்பட்டது. அப்போது பம்பாயின் கவர்னர் ஜான் மால்கம். ரயில் வந்தது 1863-ல். 37 அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து அது. ஒரே இழுப்பில் ஏற வழியில்லாமல், நடுவழியில் ஒரு நிலையம் அமைத்து ரயிலைத் திசை திருப்பி ஏற்றினார்கள். 1929-ல் புதிய தடம் போட்ட பிறகுதான் அந்தச் சிரமம் தீர்ந்தது. அதற்குப் பிறகும் மேலே போகும் ரயில்களுக்குக் கர்ஜத்தில் பின்னால் தள்ளும் எஞ்சின்களைச் சேர்ப்பது வழக்கமாகத் தொடர்ந்தது.

காருக்கு அந்தச் சலுகை கிடையாது. அது தனியாக ஏற வேண்டும். முதல் அல்லது இரண்டாம் கியரில் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, வண்டியோ மெதுவாக நகர்கிறது. ரேடியேட்டருக்கு எதிர்காற்று போதவில்லை. முன்னால் போகும் லாரியின் வெப்பப் புகைதான் கிடைக்கிறது. சூடு ஏறாமல் என்ன செய்யும்?

ஆனால் மலையேறும்போது சிரமப்படும் வண்டிகள் பாதிதான். மறுபாதி வண்டிகள் ஏறும்வரை சாதுவாக வந்து, டீ குடிக்க நிறுத்திய இடத்தில் மக்கர் செய்யும். பலரைக் குழப்புவது இது. நிறுத்தினால் ஆறத்தானே வேண்டும்?

உடனே ஆறாது என்பதுதான் விஷயம். எஞ்சினை அணைத்த கணமே விசிறி நிற்கிறது, தண்ணீர் ஓட்டமும் நிற்கிறது. இரும்புக்குள் தேங்கியிருந்த வெப்பம் வெளியே கசிந்து, பானெட்டுக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களையும் சுடுகிறது. அணைத்த பிறகு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு பானெட்டுக்குள் சூடு குறைவதில்லை, கூடுகிறது. ஒரு டீ, ஒரு பொட்டலம் சிக்கி (நம் கடலை மிட்டாயின் லோனாவாலா உறவு) வாங்கிவிட்டுத் திரும்பும் நேரமும் அதுதான்.

இந்த மலைப்பாதையில் ஷிங்ரோபாவுக்கு ஒரு சிறு கோயில் இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு இந்த மலையில் வழி காட்டியவர் ஷிங்ரோபா என்ற ஆட்டிடையர் என்பதும், அதற்குப் பரிசாக அவர் சுதந்திரம் கேட்டதால் கொல்லப்பட்டார் என்பதும் இங்கே வழங்கும் கதை. டிரைவர்கள் அவருக்குக் காசு போட்டுவிட்டுத்தான் போவார்கள். எஞ்சினை அணைக்காமல் காசைப் போட்டுவிட்டுப் போகிறவருக்கு ஷிங்ரோபாவின் அருளோடு விஞ்ஞானத்தின் ஆதரவும் சேர்ந்து கிடைக்கிறது. ஏற்றம் ஏறி வந்த வண்டியை அணைப்பதற்கு முன் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவது பழைய டிரைவர்களின் பழக்கம். தண்ணீர் சுற்றும், விசிறி சுற்றும், சூடு கொஞ்சம் வடியும்.

ஒரே அறிகுறி, எதிரெதிர் காரணம்

மலைப்பாதையில் தொழில் கற்ற மெக்கானிக் முதலில் கருவிப் பெட்டியைத் திறப்பதில்லை. கேள்வி கேட்கிறார். பேச்சு இந்தியும் மராத்தியும் கலந்தது. சாரம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

"ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றதா, சேட்? நிறுத்திவிட்டு எடுக்கும்போதா?"

"ஓடும்போதே நின்றுவிட்டது, பாவ்."

"பட்டென்று அணைந்ததா, இருமி இருமி நின்றதா?"

"இருமித்தான் நின்றது."

"செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறதா?"

மூன்று கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. செல்ஃப் மோட்டாரே சுற்றவில்லை அல்லது முனகுகிறது என்றால், தேட வேண்டியது பாட்டரி, அதன் முனைகள், சூடேறிய செல்ஃப் மோட்டார். கார்புரேட்டரைக் கழற்றுவது வீண். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: தீப்பொறி, பெட்ரோல். எது வரவில்லை? ஸ்விட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றால் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மீது. இருமித் திணறி நின்றால் பெட்ரோலின் மீது.

பெட்ரோல் பக்கத்தில் மிகப் பிரபலமான குற்றவாளி வேப்பர் லாக். பெட்ரோலின் மிக லேசான பகுதிகள் 35 டிகிரி அளவிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பத்மினி, அம்பாஸடர் காலத்துக் கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து அது பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் ஆவியாவது இன்னும் சுலபம். குழாயில் ஆவி நிறைந்துவிட்டால் பம்ப் வெறும் ஆவியைத்தான் குடிக்கும். கார்புரேட்டர் வறண்டு, எஞ்சின் பட்டினியில் நிற்கும்.

இதற்கு நேர் எதிரான வியாதி ஒன்று உண்டு. நிறுத்தி வைத்த வண்டியில் கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, பொங்கி, எஞ்சினுக்குள் வழிந்துவிடும். அப்போது எஞ்சின் நிற்பது பட்டினியால் அல்ல, அஜீரணத்தால். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கும். பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். இதற்கு மருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, மிதித்தபடியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிப்பது. காற்று உள்ளே போய் அதிகப்படியை வெளியேற்றும். பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மறுபடி மறுபடி மிதிக்கிறவர் அஜீரணக்காரருக்கு விருந்து வைக்கிறார்.

மின்சாரப் பக்கத்தில் காயில். உள்ளே மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேல்பூச்சு பழுதாகியிருந்தால் குளிரில் ஒழுங்காக வேலை செய்து, சூட்டில் துரோகம் செய்யும். கண்டன்ஸரும் அப்படியே. காப்புள்ள இடுக்கியால் பிளக் ஒயரைப் பிடித்து எஞ்சின் இரும்பின் அருகே காட்டிச் செல்ஃப் அடித்தால், குண்டான நீலப் பொறி வர வேண்டும். மெலிந்த மஞ்சள் பொறி வந்தாலோ, எதுவுமே வராவிட்டாலோ வழக்கு பாதி முடிந்தது. இந்தச் சோதனை பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், பழைய கார்களுக்கு மட்டும். இன்றைய கார்களில் பொறியின் மின்னழுத்தம் முப்பதாயிரம் வோல்ட்டைத் தாண்டும். கையை வைப்பவருக்கும் ஆபத்து, கம்ப்யூட்டருக்கும் ஆபத்து. அதற்கென்று சோதனைக் கருவி இருக்கிறது.

சூட்டின் மேல் பழி விழும் நிரபராதி வழக்குகளும் உண்டு. டேங்க் மூடியில் காற்று நுழையும் சிறு துளை அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப் தோற்றுப்போகும். சற்று நேரம் நின்றால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய் வண்டி கிளம்பும். பார்க்கிறவர் ஆறியதால் கிளம்பியது என்று நினைப்பார். வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் உண்மையைச் சொல்லிவிடும்.

டீசல் லாரிக்கும் இந்த நோய் வருகிறது. தேய்ந்துபோன டீசல் பம்ப் குளிரில் சமாளிக்கும். சூட்டில் டீசல் இளகி நீர்த்து, தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடும். செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் போதிய அழுத்தம் கிடைக்காது. ஓடிக்கொண்டிருக்கும்வரை லாரி நன்றாக ஓடும், அணைத்துவிட்டால் கிளம்பாது. அதனால்தான் சில டிரைவர்கள் சாப்பிட உட்காரும்போதும் எஞ்சினை அணைப்பதில்லை.

ஒன்றை மட்டும் குளிர வை

இத்தனை காரணங்களையும் மலைச்சரிவில் எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் ஈரத்துணி வருகிறது. முதல் காட்சியில் வந்த அப்பாவும் ஈரத்துணிதான் போட்டார். ஆனால் பம்ப், காயில், கார்புரேட்டர் என்று எல்லாவற்றின் மீதும் போட்டார், முக்கால் மணியும் காத்திருந்தார். வண்டி கிளம்பியது, காரணம் தெரியவில்லை.

விவரம் தெரிந்தவர் ஒரே ஒரு பாகத்தைக் குளிர வைக்கிறார். ஈரத்துணியை பெட்ரோல் பம்பின் மீது மட்டும் சுற்றி, ஓரிரு நிமிடத்தில் செல்ஃப் அடித்துப் பார்க்கிறார். கிளம்பினால் பெட்ரோல் பக்கம். கிளம்பாவிட்டால் துணியை எடுத்துக் காயிலின் மீது போடுகிறார். இப்போது கிளம்பினால் காயில். டீசல் லாரியானால் டீசல் பம்பின் மீது துணி. கையில் இருப்பது கந்தல் துணிதான். ஆனால் அது செய்வது பரிசோதனைச்சாலை வேலை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார்.

இதற்குத் துணி போதும், வாளித் தண்ணீர் வேண்டாம். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் எஞ்சினில் விரிசல் விழலாம். ரேடியேட்டர் மூடி அதைவிட ஆபத்து. உள்ளே இருக்கும் தண்ணீர் அழுத்தத்தால் மட்டுமே கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய மறுகணம் முழுவதும் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை அதன் பக்கம் போகாமல் இருப்பதுதான் வைத்தியம்.

ஏற்றத்தில் நின்ற வண்டிக்கு நோயறிவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட பலம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். பிறகு பிரேக் கல்லாகிவிடும். ஆகவே கைபிரேக், கியரில் போடுவது, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போடுவதும் வைத்தியத்தில் சேர்த்தி. நடுச்சாலையில் விட்டுப்போன கல், இருட்டில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு எமன்.

புதிய கார், பழைய நோய்

2002-ல் மும்பை–புனே விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. சுமார் 94 கிலோமீட்டர் நீளம், ஆறு தடம், கான்கிரீட். கண்டாலா அருகே அதன் குறுக்கே நின்ற பழைய பாலத்துக்கு அமிர்தாஞ்சன் பாலம் என்று பெயர். தலைவலித் தைலத்தின் விளம்பரம் எழுதியிருந்ததால் வந்த பெயர். 1893-ல் பம்பாயில் பிறந்து சென்னையில் குடியேறிய தைலம், போகிற வழியில் பெயரை விட்டுவிட்டுப் போனது போல. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், வெடிவைத்து அந்தப் பாலத்தைத் தகர்த்தார்கள். 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் ஓய்வு பெற்றது. அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றிருந்தது.

கார்புரேட்டர் போய் பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வந்தது. பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து, உறிஞ்சுவதற்குப் பதிலாக அழுத்தித் தள்ளுகிறது. அதனால் வேப்பர் லாக் அபூர்வமாகிவிட்டது. நோயும் அதோடு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. இடம் மாறியிருக்கிறது.

எஞ்சினின் அடியில், கிராங்க் ஷாஃப்ட் சுற்றுவதைக் கவனித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிறு சென்ஸார் ஒன்று இருக்கிறது. பல கார்களில் அதற்குள்ளும் இருப்பது மெல்லிய செம்புக் கம்பிச் சுருள்தான். வயதானால் சூட்டில் அந்தக் கம்பியின் தொடர்பு விட்டுப்போகும். எஞ்சின் சுற்றுவதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது, எனவே பொறியும் தராது, பெட்ரோலும் தராது. கார் பட்டென்று அணையும். ஆறியதும் கம்பி ஒட்டிக்கொள்ளும், கார் கிளம்பும். பத்மினியின் காயில் ஆடிய அதே நாடகம், வேறு நடிகர். டேங்குக்குள் இருக்கும் பம்ப் தளர்ந்தாலும் இதே கதை. அந்தப் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான் என்பதால், டேங்க் வற்றும்வரை ஓட்டுகிறவர் பம்பைத் தானே வறுக்கிறார்.

பழைய கேள்விகள் இப்போதும் செல்லும். சாவியைப் போட்டதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி "ம்ம்" என்று பம்ப் முனகுகிறதா? செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வேகம் காட்டும் முள் கொஞ்சமாவது அசைகிறதா? பல கார்களில் முள் செத்துக் கிடந்தால் சந்தேகம் சென்ஸார் மீது. சென்ஸாரை மட்டும் குளிர வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

மாறிப்போனது கேள்வி கேட்கும் வாய்ப்பு. விரைவுச்சாலையில் நினைத்த இடத்தில் நிற்கக் கூடாது, அது நியாயமும்கூட. நின்ற வண்டியை கிரேன் வந்து இழுத்துப் போகிறது. அது பட்டறையை அடையும்போது எஞ்சின் ஆறிவிடுகிறது. ஸ்கேனரை மாட்டுகிறார்கள். சென்ஸார் தவறியது சில கார்களில் பதிவாகியிருக்கும், சில கார்களில் எதுவும் இருக்காது. சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. "ஒன்றும் இல்லையே, சார்." சேட் என்பது சார் ஆகியிருக்கிறது. மாற்றும் பாகங்களின் விலையும் ஏறியிருக்கிறது.

இந்த நிலையில் சாட்சி சொல்லக்கூடியவர் ஓட்டுகிறவர் ஒருவர்தான். பாதுகாப்பாக நிறுத்திய பின், பயணிகளைத் தடுப்புக்கு அப்பால் அனுப்பிய பின், கிரேன் வருவதற்குள் அவருக்குச் சில நிமிடங்கள் இருக்கின்றன. பட்டென்று நின்றதா, திணறி நின்றதா? செல்ஃப் சுற்றுகிறதா? முள் அசைகிறதா? பம்பின் சத்தம் கேட்கிறதா? பெட்ரோல் வாடை உண்டா? டேங்கில் எவ்வளவு இருந்தது? எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது? இந்த ஏழு பதில்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நல்ல மெக்கானிக்குக் குளிர்ந்த எஞ்சினும் பேசும். சீட்டு இல்லாவிட்டால் அவர் மறுபடி காயிலிலிருந்துதான் தொடங்குவார்.

கரும்பாறை ஓரத்தில் பானெட் திறந்து நின்ற அந்தப் பழைய வரிசை இப்போது இல்லை. அந்தப் பாறையடியில் ஈரத்துணியோடு நின்றவர்கள் கற்றுத் தந்த பாடம் இருக்கிறது. சூடு ஆறுவதற்குள் கேட்டால் எஞ்சின் உண்மையைச் சொல்லிவிடும். ஆறிவிட்டால் அது யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.